பட்டாளத்துப் பித்தளை

பெட்டியைத் தம்பி வேட் தன் கோட்டுப் பைக்குள் திணிப்பதற்குள் நோரீன் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மாடியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் துக்க விருந்துக்கான பன்றித்தொடையை அடுப்பில் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்குத் தேவாலயத்தில் அப்பாவின் அடக்க ஆராதனை. தம்பி நிலவறைக்கு இறங்கி வந்ததே இதற்காகத்தான் போலிருக்கிறது.

“கீழ வைடா.”

“எம் பேரு எழுதியிருக்கார், அக்கா. சனிக்கிழமை மான் வேட்டைக்கு இதத்தான் எடுத்துட்டுப் போகப்போறேன்.”

பெட்டியில் ஒட்டிய நாடாமேல் அப்பா ஹார்லனின் கோணல் கையெழுத்து: வேட், அக்டோபர். உள்ளே இருபது தோட்டாக்கள். பட்டாளத்தார் சுட்டுப்போட்ட பித்தளை உறைகளை வாளிக்கணக்கில் வாங்கி, கழுவி, வெடிமருந்தேற்றித் தருவது நாற்பது வருடமாக அவர் வேலை. அந்த உறைகளின் சுவர் தடிமன். அதனால் மருந்தைக் குறைத்துப் போட வேண்டும். மறந்தால் துப்பாக்கியே முகத்தில் வெடிக்கும்.

“மார்ச்ல காபியில உப்பு போட்டுக் குடிச்சவரு. ஆகஸ்ட்ல என்னப் பாத்து நீ யாரும்மான்னு கேட்டாரு. நீ வருஷத்துக்கு ஒரு வாரம் வர்றவன், உனக்கென்ன தெரியும்?”

“அவரு கடைசியா குடுத்ததையும் குப்பையில போடணுமா? நீ அவர நம்பினதே இல்ல.”

அது சுருக்கென்று தைத்தது. நிலவறையைப் பூட்டச் சொல்லி டாக்டர் சொல்லி ஏழு மாதமாகிறது. அவளுக்கு அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் பாத்திரம் கழுவியபடி, கீழே தோட்டாவில் குண்டை அழுத்தும் கைநெம்புகோல் ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை சத்தம் நின்றது. ஓடி வந்து பார்த்தபோது ஹார்லன் மேசைமேல் தலை சாய்த்திருந்தார்.

“சரி, பிரிச்சுப் பாத்துட்டுப் பேசு,” என்றாள்.

வேட் நாடாவைக் கிழித்து ஒன்றை எடுத்தான். குண்டு வெகு நேர்த்தியாக உட்கார்ந்திருந்தது. பித்தளை தங்கமாக மின்னியது. திருப்பிப் பார்த்தான். அடியில் இருந்த, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் துப்பாக்கி ஊசி அடித்த பள்ளம். எப்போதோ எந்தச் சிப்பாயோ சுட்டுத் தீர்த்த கேப், மாற்றப்படவே இல்லை. காதருகே குலுக்கினான். உள்ளே மருந்து அசையும் சத்தமில்லை.

இன்னொன்று. அதுவும் அப்படியே. இருபதும் அப்படியே.

நோரீன் அலமாரியைத் திறந்தாள். ஜனவரியில் அவளே வாங்கி வந்து கொடுத்த வெடிமருந்து டப்பா, முத்திரை உடையாமல் இருந்தது.

“மறந்துட்டாரா?” என்றான் வேட்.

“இல்லடா. தனக்கு மறதி வந்துட்டது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு முன்னாடியே.”

அழுகை வந்தது. அலமாரியை மூடினாள். அவளிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளும்தான் சொல்லியிருக்கலாம்.

மேலேயிருந்து யாரோ கார் வந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். வேட் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கி, பெட்டியைக் கோட்டுப் பைக்குள் வைத்தான். பை புடைத்துக்கொண்டு நின்றது. நோரீன் அதன் மடிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு, விளக்கை அணைத்தாள்.