எட்டுப் பேர் குழம்பு

ஜூன் மாதக் கடைசியில் வடக்கே மழை பிடித்துக்கொண்டதும் போர்வெல் வண்டிகள் ஒவ்வொன்றாகத் திருச்செங்கோட்டுக்குத் திரும்பின. அவற்றில் ஒரு வண்டியில் கண்ணுசாமியும் வந்து இறங்கினார். அவர் துளை போடுகிறவர் இல்லை, வண்டியின் சமையல்காரர். மத்தியப் பிரதேசத்துக் காடுமேடெல்லாம் சுற்றும் அந்த வண்டியில் அவரையும் சேர்த்து எட்டு ஆட்கள். பதினாறு வருடமாக அந்த எட்டு வயிற்றுக்கும் மூன்று வேளையும் ஆக்கிப்போட்டவர். முதலாளி சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்திலேயே மிச்சம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழி போடுவார். அந்தக் கோழிக்காகவே ஆட்கள் வேறு வண்டிக்கு மாறுவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

ஆட்டையாம்பட்டியில் வீடு. மனைவி உஷாராணி ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் அபிநயா பிளஸ் டூ படிக்கிறாள். அவர் வந்த முதல் நாள் இரவு புரோட்டா பார்சல் வந்தது. நெடுநாள் கழித்து அப்பா வந்திருக்கிறார், அதற்காக வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த நாள் ஃப்ரைடு ரைஸ் வந்தது. மூன்றாம் நாள் தோசையும் நாலு விதச் சட்னியும் வந்தபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தால் மேல் தட்டு முழுக்கச் சின்னச் சின்னச் சால்னாப் பொட்டலம்.

"தெனமுமா புள்ள கடைச் சோறு?" என்று கேட்டார்.

உஷாராணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்க, பத்து மணி நேரம் நின்னுட்டு வாரேன். வந்து மறுபடியும் அடுப்புகிட்ட நிக்க முடியுதுங்களா? சாமான் விக்கற வெலையில ஊட்டுல ஆக்குனாலும் அதே காசுதான் ஆகுது."

அதே காசு ஆகாது என்பது கண்ணுசாமிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாதம் செய்யவில்லை. வருடத்தில் ஒன்பது மாதம் வீட்டில் இல்லாதவன் அடுப்பைப் பற்றி என்ன பேச முடியும்?

"நா இருக்கற மூணு மாசத்துக்கு அடுப்ப எங்கிட்ட உட்ரு" என்றார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டார். அரிசி, பருப்பு, கத்தரிக்காய் எல்லாம் கை பாட்டுக்கு அள்ளிப்போட்டது. இறக்கி வைத்தபோது வீட்டிலிருந்த பெரிய குண்டா நிறையச் சாம்பார் தளும்பியது. வாசம் தெருமுனை வரைக்கும் போயிற்று. அபிநயா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். உஷாராணி டிபன் பாக்ஸை அமுக்கி அமுக்கி நிரப்பிக்கொண்டாள். அப்படியும் குண்டாவில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

ராத்திரியும் அந்தச் சாம்பார்தான். மறுநாள் காலையிலும் அதையே சுண்ட வைத்து ஊற்றினார். அன்று மத்தியானம் புதிதாக வைத்த ரசமும் குண்டா நிறைந்தது. நாலாம் நாள் அபிநயா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "அப்பா, இது புதுசுங்களா, போன வாரத்துதுங்களா?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் புளித்துப்போன ஒரு சட்டிக் குழம்பைச் சாக்கடையில் கொட்ட வேண்டியதாயிற்று.

"பார்சல்ல கூட இத்தன வீணாகலைங்க" என்று உஷாராணி சிரித்தபடி சொன்னாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் வண்டியில் ஒரு பருக்கை வீணாக்காதவர் என்று பேர் வாங்கிய ஆளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

சரி, அளவைக் குறைப்போம் என்று இறங்கினார். ஒரு டம்ளர் பருப்பு, இரண்டு தக்காளி. சின்னப் பாத்திரத்தில் தாளித்தால் கடுகு வெடித்த கையோடு வெங்காயம் கருகிற்று. புளியைக் குறைத்தவர் உப்பைப் பழைய கணக்கிலேயே போட்டுவிட்டார். அபிநயா ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தேடி ஓடினாள். பதினாறு வருடம் எட்டுப் பேருக்கு அளந்த கை மூன்று பேருக்கு அளக்க மாட்டேன் என்றது. தன் வீட்டில் தனக்கே சமைக்கத் தெரியவில்லையே என்று கண்ணுசாமி அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

சமையலில் கோட்டை விட்டதைச் சாமான் வாங்குவதிலாவது பிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை டவுன் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய், செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் நாலு கடை ஏறி இறங்கினார். பத்துக் கிலோ துவரம்பருப்பு, ஐந்து கிலோ கொள்ளு, ஐந்து கிலோ பச்சைப்பயறு, மூன்று கிலோ மிளகாய், ஐந்து கிலோ புளி. தெருமுனைக் கடை விலையோடு பார்த்தால் கிலோவுக்குக் கிலோ நல்ல வித்தியாசம். இரண்டு மூட்டையாகக் கட்டி, கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட் வாங்கி, வெற்றி வீரனாக வீடு வந்து சேர்ந்தார்.

உஷாராணி மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "ஏனுங்க, அஞ்சு கிலோ புளியா? நம்ம அபி கல்யாணத்துக்கு வாங்கியாந்தீங்களா? இந்த ஈரக்காத்துல பருப்புல வண்டு உழுந்துருமுங்க."

அவர் மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மைதிலி எட்டிப் பார்த்தாள். அவளும் அவள் கணவன் சிவக்குமாரும் விசைத்தறிப் பட்டறையில் மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள். சம்பளம் வாராவாரம் என்பதால் சாமானும் கால் கிலோ, அரைக் கிலோவாகத்தான் வாங்குவார்கள்.

"அண்ணா, பருப்பு என்ன வெலைங்க?"

விலையைச் சொன்னார். மைதிலி அவர் முகத்தையே பார்த்தாள். "கிலோவா? நெசமாவா சொல்றீங்க? நா இத்தன நாளு எத்தன காச உட்டிருக்கறேன் பாருங்க. எனக்கு மூணு கிலோ குடுங்கண்ணா."

அவள் பருப்பை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அடுப்பில் கொள்ளு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மாடியில் தனியாகக் குடியிருக்கும் கோகுல்ராஜ் கையில் புரோட்டாப் பையோடு படியேறப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். செல்போன் கடையில் வேலை பார்க்கிற பையன், எருமப்பட்டிக்காரன்.

"எங்கம்மா வெக்கற ரசம் மாதிரியே வாசம் வருதுங்கண்ணா" என்றான்.

அவ்வளவுதான். கண்ணுசாமி ஒரு தூக்குப்போசி நிறைய ரசமும் ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டலும் கொடுத்தனுப்பினார். மைதிலி வீட்டுக்கு ஒரு சட்டி போயிற்று. அன்றைக்கு முதன்முதலாகக் குண்டா காலியாயிற்று. கண்ணுசாமி அதைக் கவிழ்த்துக் கழுவும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு முணுமுணுத்தார்.

மறுநாள் சட்டியைத் திருப்பித் தர வந்த மைதிலிதான் பேச்சை எடுத்தாள். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்படியும் ஒரு படைக்கே ஆக்கறீங்க. எங்களுக்கும் சேத்தி ஆக்குனா ஆகாதுங்களா? சோறு அவங்கவங்க ஊட்டுல வடிச்சுக்கறோம். கொழம்பும் பொரியலும் மட்டும் இங்க. நாங்க சும்மா வாங்கிக்க மாட்டோம்."

அபிநயா விரலை மடக்கினாள். "நாம மூணு, அக்கா ஊட்டுல நாலு, மாடியண்ணா ஒண்ணு. அப்பா, எட்டுப் பேருங்க!"

கண்ணுசாமிக்கு முகமெல்லாம் பல். ஆனால் உஷாராணிக்கு அது உடனே பிடிக்கவில்லை. மைதிலி போனதும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "நம்ம ஊடு என்ன மெஸ்ஸுங்களா? நாளைக்கு உப்புப் பத்தல, காரம் பத்தலன்னு ஒருத்தர் சொன்னா மூஞ்சி கோணிக்கும். அக்கம்பக்கத்துல மனஸ்தாபம் எதுக்குங்க?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வண்டியிலும் அந்தச் சண்டையெல்லாம் பார்த்தவர்தான். யோசித்து ஒரு ஏற்பாடு சொன்னார். "காசுன்னு யாரும் யாருகிட்டயும் குடுக்கறதில்ல. பருப்பு, புளி, மொளகா நம்முது. காய் மைதிலி ஊட்டுது. எண்ணெயும் கேஸும் கோகுல்ராசுது. ஒரு மாசம் பாப்போம். உனக்கு வேண்டாம்னு பட்டா நிறுத்திப்போடலாம்."

அந்த ஒரு மாதம் கண்ணுசாமிக்கு வண்டியில் கூட வாய்க்காத மாதமாக இருந்தது. சிவக்குமார் சாயங்காலச் சந்தை கலைகிற நேரத்துக்குப் போய், கூடை கூடையாகக் கொட்டிக் கிடப்பதைப் பாதி விலைக்கு வாங்கி வருவான். தக்காளி மலிந்த வாரம் பத்துக் கிலோவையும் தொக்காகக் கிளறிப் பாட்டில்களில் அடைத்தார். சுரைக்காய் வந்தால் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. கொள்ளு வேக வைத்த தண்ணீர் ரசமாகும், வெந்த கொள்ளு பிள்ளைகளுக்குச் சுண்டலாகும். பின்பக்கத்து முருங்கை மரம் வாரம் இரண்டு நாள் பொரியல் கொடுத்தது. அவசரமான நாளில் அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு கரண்டி நெய் விட்டால் எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்கள்.

உஷாராணி பயந்த மாதிரி ஒரு நாள் வம்பும் வந்தது. மைதிலியின் சின்னப் பிள்ளை காரம் தாங்காமல் அழுதது. மைதிலி முகம் சுருங்க வந்து நின்றாள். கண்ணுசாமி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உஷாராணியே முந்திக்கொண்டாள். "அதுக்கென்ன அம்மிணி, மொளகாத்தூள் போடறதுக்கு முன்னால கொழந்தைகளுக்கு ஒரு கிண்ணம் தனியா எடுத்து வெச்சுட்டாப் போகுது." மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. யார் மூஞ்சியும் கோணவில்லை.

மாதம் முடிந்தபோது நிறுத்துவதைப் பற்றி உஷாராணி பேச்சே எடுக்கவில்லை. கம்பெனியில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் நாலு பேர் கை நீட்டுகிறார்கள் என்பதில் அவளுக்குப் பெருமை. பார்சல் பை வீட்டுக்குள் வந்தே நாளாகியிருந்தது. எப்போதும் இருபதாம் தேதிக்கு மேல் யாரிடமாவது கைமாற்று கேட்கிறவள், அந்த மாதம் கேட்கவில்லை. அடுத்த மாதம் அபிநயாவின் டியூஷன் பணத்தைச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே கட்டிவிட்டாள். "அதே காசுதான் ஆகுதுன்னு சொன்னேனில்லீங்க, அது நா சொன்னது தப்புங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே ஒத்துக்கொண்டாள். கண்ணுசாமி கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை கழிந்ததும் முதலாளியிடமிருந்து போன் வந்தது. வண்டி வியாழக்கிழமை கிளம்புகிறது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிட முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அன்று குழம்பு வாங்க வந்தவர்கள் வாங்கிய பிறகும் அங்கேயே நின்றார்கள். "இனிப் பழையபடி புரோட்டாதானுங்க" என்றான் கோகுல்ராஜ், தூக்குப்போசியைப் பார்த்துக்கொண்டே.

"ஏன் புரோட்டா?" என்று உஷாராணி கேட்டாள். "குண்டாவ அவரு வண்டியில ஏத்திக்கிட்டா போறாரு? ஆளுக்கு ரெண்டு நாள். எனக்கு ஞாயித்துக்கெழமையும் ஒருநாளும். மைதிலிக்கு ரெண்டு, சிவக்குமாருக்கு ரெண்டு. கோகுலு, உனக்கு ஒரு நாள்."

"அக்கா, எனக்குச் சோறு வடிக்கறதத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க."

"அப்ப இன்னும் மூணு நாள் இருக்குது. அண்ணங்கிட்ட கத்துக்க."

மூன்று நாளில் கோகுல்ராஜ் பச்சைப்பயறு கடையக் கற்றுக்கொண்டான். ஒரு விரலில் சூடு பட்டது. மற்றபடி சேதாரம் இல்லை. வியாழக்கிழமை காலை கண்ணுசாமி பையைத் தூக்கியபோது மனசு கனத்தாலும், போன வருடங்களைப் போல யாருடைய வீட்டையோ விட்டுக் கிளம்புகிற மாதிரி இல்லை. இது தன் வீடு, தான் இல்லாத நாளிலும் இங்கே அடுப்பு எரியும் என்ற நினைப்பு கூடவே பஸ் ஏறிற்று.

நவம்பரில் ஒரு நாள், காட்டுக்கு நடுவே வண்டியோரம் அவர் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது உஷாராணி போன் செய்தாள். பின்னால் ஆட்டோ சத்தமும் ஆள் சத்தமுமாக இருந்தது.

"எங்க இருக்கற புள்ள?"

"செவ்வாய்ப்பேட்டையிலங்க. நானும் மைதிலியும் வந்தோம். ஏனுங்க, துவரம்பருப்பு நீங்க என்ன வெலைக்கு வாங்கினீங்க?"

சொன்னார். மறுமுனையில் இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கிலோவுக்குப் பன்னெண்டு ரூவா அதிகமாக் குடுத்திருக்கறீங்க. நாங்க மூணாவது சந்துல ஒரு கடையப் புடிச்சோம். அங்க அரை மூட்டையும் தர்றாங்க. கடைக்காரரு சித்த நேரம் மொறச்சாரு, அப்பறம் எறங்கி வந்துட்டாரு."

கண்ணுசாமிக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாவுக் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "புளி வாங்கிட்டயா?" என்று கேட்டார்.

"அது இன்னும் கெடக்குதுங்க" என்றாள் உஷாராணி. "சரி வெக்கறேன், பஸ்சு வந்துருச்சு."