ஒன்பதாம் நம்பர் ஜெரால்டு

மாதா கோவில் திருவிழாக் கால்பந்தாட்டத்தில் ஒரே ஒரு தடவை கோல் போட்டவன் என்று மைக்கில் தன் பெயர் கேட்க வேண்டும். போத்தனூர் ஜெரால்டுக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது. பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை நன்றாக ஓடுகிறது, மனைவி ஃபெமினா தங்கமானவள், படுத்தால் தூக்கம் வருகிறது. கோல்தான் வரவில்லை. வருஷா வருஷம் முன்னால் நின்று ஆங்காரமாக உதைப்பான். பந்து கம்பத்துக்கு மேலே எகிறி ரயில்வே குவார்ட்டர்ஸ் ஓட்டில் போய் விழும். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, முட்டியும் முனக ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷம் ஆடுவானா என்பதே சந்தேகம்தான்.

இந்தத் தடவை திருவிழாக் கமிட்டிக்கு ஒரு யோசனை உதித்தது. கண்டத்துக்கு ஒரு சாம்பியன் கிளப் வந்து மோதும் கோப்பையை டிவியில் பார்த்த சூட்டில், கோவில் பங்கில் இருக்கும் ஆறு தெருக்காரர்களும் ஆளுக்கொரு கிளப்பாக ஆடட்டும் என்று முடிவு செய்தார்கள். எந்தத் தெருவுக்கு எந்த கிளப் என்பதை ஞாயிறு பூசை முடிந்ததும் சீட்டு எடுத்துச் சொல்வார்கள். அவரவர் கிளப்பின் நிறத்தில்தான் சட்டை போட வேண்டும்.

நம்ம ஆளுக்கு அதுவரைக்கும் பொறுக்குமா? ஐரோப்பாவின் சாம்பியனான பாரிஸ் தன் தெருவுக்குத்தான் விழ வேண்டும் என்று அந்தோணியாருக்கு நவநாள் ஜெபம் சொல்லி முடித்தான். முடித்த கையோடு, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சிநேகிதன் அனீஸிடம் தெரு ஆட்கள் எல்லாருக்கும் சட்டை ஆர்டரும் கொடுத்துவிட்டான். கருநீலச் சட்டை, நடுவே சிவப்புப் பட்டை, முதுகில் அவரவர் பெயர். ஒன்பதாம் நம்பருக்கு மேலே கொட்டை எழுத்தில் 'ஜெரால்டு'.

"ஏனுங்க, மொதல்ல சீட்டு உழுகட்டுமுங்க, அப்பறம் தெச்சுக்கலாம்" என்றாள் ஃபெமினா.

"அந்தோணியாரு கை உட்ற மாட்டாரு அம்மணி."

விட்டுவிட்டார். பாரிஸ் விழுந்தது இளவட்டம் ஜெப்ரி முன்னால் நின்று ஆடும் தெருவுக்கு. போன வருஷம் கோப்பையைத் தூக்கியவர்களும் அவர்கள்தான். ஜெரால்டின் தெருவுக்கு வந்தது ஓசியானியா சாம்பியன் ஆக்லாந்து. வேலைக்குப் போய்க்கொண்டே பந்தாடுகிறவர்களாம். கோவில் வாசலில் சிரிக்காத வாய் இல்லை.

அன்று சாயங்காலமே ஜெப்ரி வீட்டுக்கு வந்து நின்றான். "ஏங்ணா, இத்தன அவசரத்துக்கு முடியாதுன்னு திருப்பூர்ல எல்லாரும் கைய விரிச்சுட்டாங்க. உங்களுக்கு வந்து எறங்குன சட்டைங்க சும்மாதான கெடக்குது, குடுங்ணா."

"முதுகுல எங்க பேரு இருக்குதே கண்ணு."

"இருந்துட்டுப் போகட்டுங்ணா."

ஜெரால்டுக்குக் கொடுக்க மனசே இல்லை. ஆனால் வீடு தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்பினால் ஃபெமினா முகம் கொடுத்துப் பேச மாட்டாள். காபியும் கொடுத்து, சட்டை மூட்டையையும் கொடுத்து அனுப்பினான். மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒன்பதாம் நம்பரை மட்டும் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டான். ஆக்லாந்தின் நிறமும் நீலம்தான்; ஜெரால்டு தெருவுக்குக் கிடைத்தது கோவில் பாடகர் குழுவின் முழுக்கை நீலச் சட்டை. "நீலம் நீலந்தானப்பா" என்று பங்குச்சாமியார் பேச்சை முடித்துவிட்டார்.

முதல் ஆட்டமே ஜெப்ரி கூட்டத்தோடு. மைக்கைப் பிடித்திருந்தவன் மைக்செட்காரன் கதிர். அன்னூரிலிருந்து வந்தவன், இந்தப் பங்கில் ஒருத்தரையும் தெரியாது. ஜெப்ரி ஒன்பதாம் நம்பரை மாட்டிக்கொண்டு வந்து, வந்த வேகத்திலேயே ஒரு கோல் அடித்தான். கதிர் முதுகைப் பார்த்தான், படித்தான்.

"கோலுங்கோ! கோல் போட்டது நம்ம ஜெரால்டுங்கோ!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடக் கண்றாவியே! இத்தனை வருஷம் காத்துக் கிடந்த பெயர் ஊரெல்லாம் கேட்கிறது, அதுவும் எவனோ அடித்த கோலுக்கு. அடுத்த கோலுக்கும் ஜெரால்டு, அதற்கடுத்ததற்கும் ஜெரால்டு. யாராவது போய்க் கதிரிடம் உண்மையைச் சொல்லலாம்தான். இப்படியொரு வேடிக்கையைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

இடைவேளையில் ஜெரால்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "போதும் அம்மணி. நான் வெளியவே இருந்துக்கறேன்."

ஃபெமினா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பேருதான அங்க இருக்குது? காலு உங்களுதுதானுங்க. போயி ஆடுங்க."

போனான். போன கொஞ்ச நேரத்தில் நாலாவது கோலும் விழுந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் இவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அடித்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பி ஜெரால்டின் காலடியில் வந்து விழுந்தது. எப்போதும்போல் ஓங்கி உதைக்க உடம்பில் தெம்பில்லை, வியர்வையில் நனைந்த முழுக்கைச் சட்டை வேறு தோளைப் பிடித்து இழுத்தது. பாதத்தின் உள்பக்கத்தால் மெல்லத் தள்ளினான். பந்து தரையோடு உருண்டு, விழுந்து கிடந்த கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் போய் நின்றது.

"கோலுங்கோ!" கதிர் அலறினான். "போட்டது... போட்டது..." நீலச் சட்டையின் முதுகில் ஒன்றுமே இல்லை. "ஏனுங்க, யாருங்க அவரு? யாராச்சும் பேரு சொல்லுங்க!"

ஜெரால்டு மைக் பக்கம் இரண்டு அடி வைத்து நின்றான். தன் பெயரைத் தானே போய்ச் சொல்லவா முடியும்? அதற்குள் ஜெப்ரி மைக் மேஜைக்கு ஓடினான். முதுகைத் திருப்பி நின்று, கட்டைவிரலால் அங்கிருந்த பெயரைக் காட்டினான்.

கதிர் விழித்தான். "மறுபடியும் ஜெரால்டுங்களா?"

"மறுபடியும் இல்லீங்க!" பெண்கள் பக்கமிருந்து ஃபெமினாவின் குரல் மைதானத்தையே தாண்டியது. "இப்பத்தானுங்க மொதத் தடவ!"

"கோல் போட்டது ஜெரால்டுங்கோ!" என்றது மைக். ஜெப்ரியின் ஆட்களும் சேர்ந்துகொண்டு அந்தப் பெயரைக் கூவினார்கள். நாலுக்கு ஒன்று என்று தோற்ற மனுஷன் குழந்தைபோல் அழுதுகொண்டே ஃபெமினாவிடம் வந்தான்.

"அடுத்த வருசத்துக்கு அனீஸ்கிட்ட இப்பவே சொல்லி வெக்கோணும் அம்மணி."

"சீட்டு உழுந்தப்பறமுங்க" என்றாள் அவள்.