கடைக்கு ஓர் அடி

எங்கள் கடைத்தெருவில் திருடன் பிடிபட்டால் கடைக்கு ஓர் அடி என்பது வழக்கம். ஒருவர் பாக்கியில்லாமல் அடித்தாக வேண்டும். அப்போதுதான் போலீஸ் வந்தால் சாட்சி சொல்ல ஆள் மிஞ்சாது.

அன்று மதியம் செல்போன் கடையில் ஒரு போன் காணாமல் போனது. தெருவில் வெறுங்காலோடு நின்ற ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். ஓடுவதற்காகத்தான் செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறான் என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். அந்தச் செருப்போ என் கையில் இருந்தது. வார் அறுந்ததைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவன் அதுவரை என் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர் குடிக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தான்.

நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவனுடைய ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. உதடு கிழிந்து பல் தெரிந்தது. எடைக்கல்லால் விரல்களை நசுக்கியிருந்தார்கள்.

"வாங்க, உங்க முறை" என்றார் செல்போன்காரர்.

"இவன் எடுக்கலைங்க. இவ்வளவு நேரமும் என் கடையிலதான் இருந்தான். இந்தாங்க செருப்பு."

"செருப்புக்கு வக்காலத்து வாங்க வக்கீல் வந்துட்டாருடோய்!"

சிரித்தார்கள். சிரிக்காத சிலருக்குத் தப்பு நடந்துவிட்டது புரிந்திருந்தது. அவர்கள்தான் என்னை இன்னும் நெருங்கி வந்தார்கள்.

என் மனைவியின் தம்பிக்குப் பக்கத்திலேயே இரும்புக்கடை. ஒரு குழாயை என் கையில் திணித்தான். "மாமா, சும்மா தொட்டுட்டு வீட்டுக்குப் போங்க. அக்காவ நெனச்சுப் பாருங்க."

கீழே கிடந்தவன் என்னைப் பார்த்தான். "நீங்களும் அடிச்சிருங்கண்ணே. விட்ருவாங்க."

குழாயைக் கீழே போட்டேன்.

அதை எடுத்தவன் மைத்துனன்தான். முதல் அடி என் தோளில் விழுந்தது. "சாட்சியா சொல்லப் போறீங்க? சொல்லுங்க மாமா, சொல்லுங்க!" என்று அழுதுகொண்டே அடித்தான். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். என் முழங்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

வெறுங்காலோடு பிடிபட்டவன் மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் செத்துப் போனான். போலீஸ்காரர் என் கட்டிலருகே வந்து, "யார் யார் அடிச்சது?" என்றார்.

"கூட்டத்துல மொகம் தெரியலன்னு சொல்லுங்க" என்று என் மனைவி காதருகே கெஞ்சினாள்.

முதலில் அவள் தம்பியைச் சொன்னேன். கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு அவள் வெளியே போனாள்.

"அடுத்து?" என்றார்.

தெருமுனைக் கடையில் தொடங்கி வரிசையாகச் சொன்னேன்.