தூசு படாத தாள்

மதியம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகளுக்கு மறுபடி மூச்சிழுப்பு வந்துவிட்டது, மருந்து கொடுத்து அலுவலக அறையில் உட்கார வைத்திருக்கிறோம், வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். காற்றுக்காரர் அப்போது ஒரு லாரி ஷெட்டின் மொட்டைமாடியில் இயந்திரத்தின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கீழே ஓடி வண்டியை எடுத்தார்.

காற்றுக்காரர் என்பது பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர். நகரத்தில் ஏழு மொட்டைமாடிகளில் ஏழு இயந்திரங்கள் நிற்கின்றன. ஆள் உயரம், தலையில் ஒரு சின்னக் கூரை, உள்ளே வெள்ளைத் தாள். ஒரு பகல், ஓர் இரவு முழுக்கக் காற்றை உறிஞ்சி அந்தத் தாள் வழியாக விடும். தாளில் படிந்ததை எடைபோட்டால் அக்கம்பக்கத்து மக்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வாரம் இரண்டு முறை தாளை மாற்றி, எடை பார்த்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அவர் வேலை. பதினைந்து வருஷமாக அனுப்புகிறார். அங்கே யாராவது அதைப் படித்தார்களா என்பது அவருக்குத் தெரியாது. படித்து, நம்பி, குடும்பத்தோடு மூட்டை கட்டியவர் அவர் ஒருவர்தான்.

ஆறு மாடிகளின் தாளும் அடுப்பு துடைத்த துணிபோல வரும். பள்ளிக்கூடத்து மாடித் தாள் மட்டும், ஒன்றரை வருஷத்துக்கு முன் அங்கே இயந்திரம் வைத்த நாள் முதலே போட்டது போட்டபடி பளிச்சென்று வந்தது. மூன்று வயதிலிருந்து மூச்சுக்கு அல்லாடும் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறென்ன யோசிப்பார்? பழைய வீட்டில் அவர் மனைவிக்குத் தையல் வேலை ஓய்வில்லாமல் இருந்தது, தெருவில் பாதிப் பேர் அவள் தைத்த துணியைத்தான் உடுத்தினார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே அவளை யாருக்கும் தெரியாது. தையல் மெஷின் மூலையில் துணிமூட்டையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லையே என்று அவள் முதல் மாதம் கேட்டபோது, இடம் பழக வேண்டாமா என்றார். நாலாம் மாதம் பருவம் மாறுகிறது என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

அலுவலக அறை பெஞ்சில் மகள் தோள்கள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும், ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை ஆட்டினாள். எட்டு வயதுப் பிள்ளை அவரைத் தேற்றினாள். பிள்ளையை வெளியே கூட்டிப் போக வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். வாசலில் அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. இந்த நேரத்துக்கு மாடியில்தான் இருப்பார் என்றார்கள். எதற்கென்று புரியாமலே காற்றுக்காரர் படியேறினார்.

மாடி முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தது. நடுவில் அவருடைய இயந்திரம், தலைமுதல் இடுப்புவரை ஈரப் படுக்கைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. வாட்ச்மேன் அதன் நுனியை இழுத்து, கயிறு போட்டு, காற்றில் பறக்காதபடி கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இந்த நேரத்துல? நாளைக்குத்தானே வருவீங்க?"

"என்னண்ணே பண்றீங்க?"

வாட்ச்மேனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தினமும் மூன்று வேளை நனைத்துப் போர்த்துகிறாராம். காற்றுக்காரர் வந்து போனதும் போர்த்தினால், மறுபடி அவர் வருவதற்கு முன்னால், வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று எடுத்துவிடுவாராம். ஒரு நாள்கூடத் தவறியதில்லையாம். "ஒரு பக்கம் லாரித் தூசு, ஒரு பக்கம் குப்பைமேட்டுப் புகை. பாவம் சார், வாயில்லாத மெஷின், அது யார்கிட்ட போய்ச் சொல்லும்? நீங்கதானே மொத நாளே சொன்னீங்க, அந்தத் தாள்ல ஒரு தூசு படக் கூடாதுன்னு."

சொன்னார்தான். புதுத் தாளைச் செருகும்போது வாட்ச்மேன் ஆசையாக விரல் நீட்டினார், அதற்காகச் சொன்னது. அந்த ஒரு வாக்கியத்தை இந்த மனிதர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் காவல் காத்திருக்கிறார். கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? பள்ளிக்கூட வாசலில், அவர் சொன்ன எண்ணை வைத்து, 'நகரிலேயே தூய காற்றுள்ள பள்ளி' என்று பலகை தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த பெற்றோர் இருக்கிறார்கள். அத்தனையும் இந்த ஈரத் துணியின் புண்ணியம். அவரே முடிச்சை அவிழ்த்து விரிப்பை எடுத்தார். வெளிப்புறம் கன்னங்கரேலென்று இருந்தது.

"இன்னிக்கு மூட வேண்டாம்ண்ணே."

"தூசு படுமே சார்."

"படட்டும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் தேவலை. அவள் தூங்கும் மகளின் முதுகில் கை வைத்து மூச்சை எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப பழைய வீட்டுலயே இருந்திருக்கலாமா?"

அங்கேயும் தாள் கறுப்புதான் என்றார்.

"அப்ப எங்கதாங்க போறது?"

ஏழு மாடிகளின் எண்களும் அவருக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றுகூடப் பிள்ளைக்கு ஆகாது.

காலையில் மகள் தேறியிருந்தாள். வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கவில்லை, சிநேகிதியிடம் ஏதோ தருவதாகச் சொல்லியிருக்கிறாளாம். ஓடாமல் படியில் உட்கார்ந்திரு என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் அவளை விட்டுவிட்டு மாடியேறினார். தவறு என்னுடையது, சரியாகச் சொல்லிக்கொடுக்காதது நான்தான் என்று எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருந்தது. வாட்ச்மேன் பெயரை அதில் எழுதவில்லை. ஒரு பிரதி தலைமை அலுவலகத்துக்கு, ஒரு பிரதி கீழே தலைமையாசிரியைக்கு.

இயந்திரத்தை நிறுத்தி, இடுக்கியால் தாளை எடுத்தார். எடைபோடத் தேவையே இல்லை. ஓரத்தில் சட்டம் பிடித்த இடம் மட்டும் வெள்ளைக் கோடாக நின்றது, நடுவெல்லாம் கரி. வாட்ச்மேன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

"பாத்தீங்களா சார். ஒரே ஒரு நாள்தான் மூடல."

காற்றுக்காரர் அவர் தோளில் கையை வைத்தார். கீழே மணி அடித்தது. பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக வந்து நின்றார்கள். தூய காற்றுப் பலகை மாட்டிய நாளிலிருந்து காலையில் பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி. ஒலிபெருக்கியில் ஆசிரியை, "கையைத் தூக்குங்க, மூச்சை நல்லா உள்ள இழுங்க" என்றார். முந்நூறு பிள்ளைகள் கைகளைத் தூக்கினார்கள். ஓரத்துப் படியில், சொன்ன சொல் தவறாமல் ஓடாமல் உட்கார்ந்திருந்த அவர் மகளும் இரண்டு கைகளையும் உயரே தூக்கி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தாள்.

தாளைப் பிடித்த கையோடு அவர் படிகளில் இறங்கி ஓடினார்.