முன்பல் போன வாரம்

காளியம்மையின் மேல்வரிசை முன்பல் இரண்டு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்து நான்கு வயதில் பல் ஆடுவது ஊரில் இல்லாத அதிசயமில்லை. ஆனால் சாக்ஸபோன் வாசிக்கிறவர்களுக்கு மேல்பல்தான் பிடிமானம். வாயில் வைக்கும் மவுத்பீஸின் மேல் அது அழுந்தி நின்றால்தான் சத்தம் நேராக வரும்.

அவளுக்கு மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவு வேலை. ஒரு நாள் ஜூ டவுன் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தபோது, கல்யாண மண்டபத்திலிருந்து வந்த சாக்ஸபோன் சத்தத்தைக் கேட்டு, வாரியலும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுத்த வாரம் சுள்ளிக்கல்லில் அனில் நடத்தும் இசை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். அனிலுக்கு இருபத்தெட்டு வயது. மலையாள வழக்கப்படி அவள் வாத்தியாரான அவனை மாஷ் என்பாள், அவன் மூத்தவளான அவளைச் சேச்சி என்பான். வகுப்பின் சாக்ஸபோன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்திருந்தான். வாசிப்பதை நிறுத்தினால் அது அடுத்துக் காத்திருக்கிறவருக்குப் போய்விடும். பதினாறு மாதம் அவள் நிறுத்தவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சி. அதில் நான்கு வரி அவள் தனியாக வாசிக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஈறு வீங்கி, வாயைத் திறக்கவே முடியவில்லை. வேலை முடிந்ததும் பள்ளுருத்தியில் பல் டாக்டரிடம் போனாள். உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, இன்றைக்கே எடுக்காவிட்டால் பக்கத்துப் பல்லும் போகும் என்றார் அவர்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்காதா டாக்டர்?"

தாங்காது என்றார். எடுத்த பிறகு மூன்று நாள் எதையும் ஊதக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். காளியம்மை நாற்காலியில் சாய்ந்தபடி விரல்விட்டு எண்ணினாள். வெள்ளி, சனி. இரண்டே நாள் மிஞ்சும். வேறு வழியில்லாமல் தலையாட்டினாள்.

வியாழன் மாலை வகுப்பில் அனிலிடம் வாயைத் திறந்து காட்டினாள். அவன் முகம் மாறியது. மேலுதட்டையும் கீழுதட்டைப் போல உள்ளே மடித்துப் பல்லை மறைத்துக்கொண்டு வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதைப் பழக மாதக்கணக்காகும் என்றான். உடன் சாக்ஸபோன் படிக்கிற ஷீஜாவுக்கும் அந்த நான்கு வரி பாடமாயிருந்தது.

"சேச்சி வேண்டாம்னா விட்டுடலாம். ஷீஜா வாசிச்சுக்குவா."

அவன் அக்கறையோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து, குப்பைத் தள்ளுவண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் மேலுதட்டையும் மடித்து வாசித்துப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. பிறகு இரண்டு நொடி ஒரு கனைப்பு. மீதியிருந்த பல் உதட்டின் உள்பக்கத்தை அறுத்தது. துப்பினால் ரத்தம்.  வேலை முடிந்து, மூன்று மணி வாக்கில் சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுள்ளிக்கல்லுக்கு நடந்தாள், திருப்பிக் கொடுத்துவிடுவதென்று.

வகுப்பு பூட்டியிருந்தது. அனில் வர நான்கு மணியாகும். படியில் உட்கார்ந்தாள். போன் பண்ணி வரச் சொல்லலாமா என்று யோசித்தாள், பண்ணவில்லை. ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியாமல் பெட்டியைத் திறந்தாள். ஒரே ஒரு சுரம், கீழ் ஸ்தாயியில். மூன்று நொடி. மறுபடி நாலு. உதடு மரத்துப்போனது. கைக்குட்டையை ஈரமாக்கி ஒற்றிக்கொண்டு மறுபடி எடுத்தாள். அனிலின் பைக் வந்து நின்றபோது அந்தச் சுரம் ஒன்பது நொடி நடுங்காமல் நின்றது.

அவள் வாசித்துப் பழகத்தான் வந்திருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவளும் மாற்றிச் சொல்லவில்லை.

"மேல போக வேண்டாம் சேச்சி. நாலு வரியும் கீழயே வாசிச்சா மதி, அது போதும்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தோப்பும்படியில் மண்டபம் நிறைந்திருந்தது. கணவன் வேலன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். முதல் வரி சரியாக வந்துவிட்டது. இரண்டாவது வரியின் நடுவில் உதடு வழுக்கியது. காற்று மட்டும் சீறியது. முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. கீபோர்டும் டிரம்மும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. காளியம்மை மவுத்பீஸை வாயிலிருந்து எடுத்தாள். மேடையை விட்டு இறங்குகிற படி அவளுக்கு இடப்பக்கம் இரண்டடியில்தான் இருந்தது.

யாரும் சொல்லாமலே மூன்றாவது வரியைப் பக்கத்தில் நின்ற ஷீஜா எடுத்தாள். காளியம்மை அந்தப் படியைப் பார்க்காமல் காலால் தாளம் எண்ணினாள். எட்டு, பதினாறு. உதடுகளை நாக்கால் நனைத்து, இரண்டையும் உள்ளே மடித்து, நான்காவது வரியில் சரியான இடத்தில் நுழைந்தாள். கனத்த, கொஞ்சம் கரகரத்த சத்தம். கடைசிச் சுரத்தை மூச்சு தீரும் வரை பிடித்தாள்.

கைதட்டல் சுமார்தான். வெளியே வந்ததும் வேலன் பெட்டியை வாங்கிக்கொண்டான். 

"நடுவுல நின்னல்ல, எறங்கிப் போயிருவியோன்னு பயந்துட்டேன்."

"நானுந்தான்," என்றாள் அவள்.

உதட்டு வீக்கத்தில் இரண்டு நாள் சூடாகச் சாயா குடிக்க முடியவில்லை. செயற்கைப் பல் வைக்க மூன்று மாதம் ஆகுமாம். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு, ஷீஜா வருவதற்கு முன்பே, அவள் வகுப்பில் மவுத்பீஸில் பொருத்தும் ரீடை நனைத்துக்கொண்டிருந்தாள்.