சருகுக்கு அடியில்

நாற்காலி போட இடம் வேண்டுமென்று பெரியப்பா மகன் சுதீர் வீட்டுக்குப் பின்னால் மரங்கள் நின்ற தோட்டப் பறம்பில் சருகை வாரிக்கொண்டிருந்தான். மாளவிகா அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பா கண்ணில் பட்டிருந்தால் அந்தத் துடைப்பம் இந்நேரம் மதிலுக்கு வெளியே விழுந்திருக்கும். அப்பா கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடந்தார்.

அப்பா விஸ்வேஸ்வரன் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் முப்பது வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அங்குள்ள ஜூ டவுன் கடைத்தெருவிலிருந்து மிளகுக் காம்பும் ஜாதிக்காய் ஓடும் சாக்குச் சாக்காக ஆட்டோவில் வந்து இறங்கும். பதினைந்து சென்ட்டில் ஜாதிக்காய், மா, ரம்புட்டான் மரங்கள். ரசாயன உரம் ஒரு சிட்டிகை போடமாட்டார். காம்பையெல்லாம் குழிவெட்டி மண்ணோடு கலந்தார். மரங்களின் இலைகள் மஞ்சளித்துப்போயின.

மகள் மாளவிகா திருச்சூரில் மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். சும்மா இருப்பாளா? விருந்தாளிகள் முன்னால் பாடமே எடுத்துவிட்டாள். காய்ந்த காம்பைப் புதைத்தால், மக்குவதற்கு அது மண்ணின் தழைச்சத்தையே தின்னும். மேலே பரப்பிவிட்டு நடுவில் கொடிப்பயறு விதைக்க வேண்டும். அதன் வேர்முடிச்சு தழைச்சத்தைச் சேர்க்கும். முடிச்சைக் கிள்ளினால் உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

"நீ குப்பியில பாக்கற மண்ணு வேற, என் மண்ணு வேற," என்றார் அப்பா.

அதோடு பேச்சு நின்று ரெண்டு வருஷம். போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். மாளவிகாவும் மூன்று முறை ஊருக்கு வந்தும் பின்பக்கம் கால் வைக்கவில்லை. அப்பாவின் பிடிவாதம் அப்படியே வாய்த்திருந்தது. ஒரு தடவை, வந்து பாரு என்று கூப்பிடமாட்டாரா என்று ஏங்கியதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

பதினோரு மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். குளிப்பதற்காக அம்மா சீதாலக்ஷ்மி மகளைப் பின்பக்கக் குழாயடிக்கு அழைத்துப்போனாள். சுதீர் வாராமல் விட்ட பாதியில், காம்பு பரப்பிய மண்ணை மூடிப் பயற்றங்கொடி படர்ந்திருந்தது. ஜாதி இலைகள் கரும்பச்சையாக இருந்தன.

மாளவிகா அப்படியே நின்றாள். "இது யாரும்மா போட்டா?"

"அவர்தான். போன வருஷம் ரெண்டு கிலோ பயறு வாங்கிண்டு வந்தார். கறிக்காக்கும்னு நான் பாதியை ஊறப் போட்டுட்டேன். ரெண்டு நாள் எங்கிட்ட வாய் திறந்து மிண்டலை, கேட்டோ." அம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஞாயித்துக்கெழமையானா ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கிள்ளிப் பாப்பார். கேட்டா, இன்னும் ஆகலை, ஆனதும் மாளுவைக் கூப்பிடணும்பார்."

"கூப்பிடலையேம்மா."

அம்மா வாளியை வைத்துக் குழாயைத் திறந்தாள்.

மாளவிகா குனிந்து சருகை விலக்கி ஒரு செடியைப் பிடுங்கினாள். ஈர மண்ணோடு வந்த வேரில் கடுகுபோல முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினாள். உள்ளே சிவந்திருந்தது.

"ஆயிருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆயாச்சு."

செடியைத் திரும்பக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினாள். சுதீர் குவித்திருந்த சருகிலிருந்து ரெண்டு கை அள்ளிவந்து அதன்மேல் பரப்பினாள். பிறகு இன்னும் ரெண்டு கை. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.