அறுபது சென்டிமீட்டர்

பாலத்தின் மூன்றாவது தூணில் இருந்த அளவுப்பலகை அறுபது சென்டிமீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. பாலத்தைப் பழுதுபார்க்க வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள், கழற்றிய பலகையைத் திரும்ப மாட்டும்போது, நின்று வேலை செய்யத் தோதான உயரத்தில் அடித்துவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆறு ஐந்து மீட்டரில் ஓடினால் பலகை நாலு நாற்பது என்று காட்டும். இது மீட்டர்காரருக்குத் தெரியும். மீட்டர்காரர் என்பது கீழத்தெரு அவருக்கு வைத்த பெயர். தினமும் மூன்று வேளை, மழை என்றால் அரை மணிக்கு ஒரு தடவை, அந்தப் பலகையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொல்வது அவருடைய உத்தியோகம்.

தெரிந்த அன்றே கடிதம் எழுதினார். கரைப் படிக்கட்டில் நாடா வைத்து அளந்து, பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறையாகப் போட்டு, நகல் ஒன்று எடுத்துக்கொண்டு எழுதினார். எட்டு மாதத்தில் பதினோரு கடிதம். வந்த பதில் ஒன்றே ஒன்று: 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது. அதுவரை பலகையில் உள்ளபடியே பதிவு செய்க.' அவரும் அப்படியே பதிவு செய்துவந்தார்.

ஆறு அந்த ஊருக்குள் நுழைந்ததும் முழங்கையை மடக்கியதுபோல் ஒரு வளைவு எடுக்கும். மடிப்புக்குள்ளே கீழத்தெரு. எதிர்க்கரையில் ஒரு காலத்தில் தாழ்வான வெற்றுநிலம் கிடந்தது. வெள்ளம் வந்தால் அங்கே பரவிப் படுத்துவிட்டு இரண்டு நாளில் எழுந்து போகும். இப்போது அங்கே சுற்றுச்சுவர் வைத்து பஸ் பணிமனை நிற்கிறது. படுக்க இடமில்லாத தண்ணீர் நின்றபடியே உயர்கிறது. அது கரை தாண்டி வருவதுகூட இல்லை. ஐந்து மீட்டரில் சாக்கடையின் வாய் முழுகிவிடும். பிறகு தெருத் தண்ணீரை ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டிய சாக்கடை, ஆற்றைத் தெருவுக்குக் கொண்டுவரும். அதனால்தான் ஐந்தில் கட்டுப்பாட்டு அறை அபாயச் சங்கு ஊத வேண்டும் என்று விதி வைத்தார்கள். சங்கு ஊதினால் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கும்.

கீழத்தெருவின் கடைசி வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். அத்தானுக்குத் தையல் மெஷின் பழுதுபார்க்கும் தொழில். முன்னறை முழுக்க ஊரார் கொடுத்த மெஷின்கள், இருபத்துமூன்று, எல்லாம் தரையில்.

அன்று பகல் ஒரு மணிக்குப் பலகை மூன்று தொண்ணூறு காட்டியது.

"மேடம், மூணு தொண்ணூறு. ஆனா உண்மையில நாலரை. அறுபது சேத்துக்கணும்."

"சார், பலகையில என்ன இருக்கு?" என்றாள் கட்டுப்பாட்டு அறைப் பெண்.

"மூணு தொண்ணூறு."

"அப்ப மூணு தொண்ணூறு. இங்க ஒரு கட்டம்தான் சார் இருக்கு. சேக்குறதுக்குக் கட்டம் இல்ல."

பொறியாளரைக் கூப்பிட்டார். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். வெள்ளத் தடுப்பு பற்றிய கூட்டமாம்.

இரண்டரைக்கு நாலு பதினைந்து. அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது அத்தான்.

"அத்தான், மெஷினை எல்லாம் மாடிக்கு ஏத்திடுங்க. தண்ணி வருது."

"சங்கு ஊதலையே மச்சான்."

"ஊதாது. பலகை தப்பு."

"ரெண்டு மாசம் முன்னாடியும் இதையேதான் சொன்னே. இருபது மெஷினையும் தூக்கி வச்சேன். ஆறு திரும்பிப் போயிடுச்சு, என் இடுப்பு மட்டும் இன்னும் திரும்பல. நீ சொன்னா ஆறு கேக்காது, ஆறு சொன்னா நீ கேக்கமாட்டே. சங்கு ஊதட்டும், பாத்துக்கலாம்."

பின்னாலிருந்து அக்காவின் குரல்: "என்னவாம் அவனுக்கு?"

"வழக்கமான அறுபது சென்டிமீட்டர்தான்."

மூன்றரைக்கு நாலு முப்பத்தைந்து. நாலு மணிக்குப் பலகையில் நாலு நாற்பத்தைந்து. மீட்டர்காரர் குனிந்து பார்த்தார். சாக்கடையின் வாய் காணவில்லை. அதன் மேல் ஒரு சுழி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் செய்யாததை அப்போது செய்தார். பதிவேட்டில் ஐந்து புள்ளி பூஜ்யம் ஐந்து என்று எழுதிவிட்டுப் போனை எடுத்தார்.

"அஞ்சு பூஜ்யம் அஞ்சு. சங்கு ஊதுங்க."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"சார், அரை மணி முன்னாடி நாலு முப்பத்தஞ்சு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அரை மணியில எழுபது சென்டிமீட்டரா? ஆறு என்ன படிக்கட்டுலயா ஏறுது? முப்பதுக்கு மேல எகிறினா கம்ப்யூட்டரே ஏத்துக்காது சார். அதிகாரி நேர்ல வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும்."

"காலையிலேர்ந்து சொன்னதுதாம்மா தப்பு! இதுதான் சரி!"

"காலையிலேர்ந்து சொன்னதும் நீங்கதானே சார்?"

காலை முதலே பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் சங்கு ஊதியிருக்கும். விதிப்படி நடந்துகொண்டதால் உண்மை உள்ளே நுழைய வழியில்லை.

ஜீப் வர முக்கால் மணி ஆயிற்று. மழையில் மேம்பாலம் அடைத்துக்கிடந்ததாம். இறங்கிய அதிகாரி, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"நாலு அறுபத்தஞ்சு. எங்கேய்யா அஞ்சு?"

"சார், சாக்கடை வாயைப் பாருங்க. அஞ்சுக்கு மேல போனாத்தான் அது முழுகும்."

"எனக்குப் பலகையைப் பாக்கத்தான் உத்தரவு. சாக்கடை வேற இலாகா." ஐந்து பூஜ்யம் ஐந்தைச் சிவப்பு மையால் அடித்தார். "இடத்தை விட்டு நகராதீங்க. விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்."

ஜீப் திரும்புவதற்குள் மீட்டர்காரர் ஓட ஆரம்பித்துவிட்டார்.

கீழத்தெருவில் சாக்கடை மூடிகள் கொதிக்கும் பாத்திரத்தின் தட்டுகள் போலத் துள்ளிக்கொண்டிருந்தன. அக்கா வீட்டு முன்னறையில் கணுக்கால் தண்ணீர். அத்தான் ஒரு மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். மீட்டர்காரர் அடுத்ததைத் தூக்கினார். மூன்று பேரும் ஏற்றினார்கள், இறங்கினார்கள், ஏற்றினார்கள். ஒன்பதாவதை ஏற்றும்போது தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மோட்டார் வைத்த மெஷின்கள் சுவரோரம் முழுகிக்கிடந்தன. ஆறே கால் மணிக்குச் சங்கு ஊதியது. நீளமாக, நிதானமாக, ஒரு குறையும் இல்லாமல் ஊதியது.

"ஊதிட்டாங்க மச்சான், இனிமே ஆரம்பிக்கலாமா?" என்றார் அத்தான். யாரும் சிரிக்கவில்லை. அவருமே சிரிக்கவில்லை.

அக்கா புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். "எட்டு மாசமா தப்புன்னு தெரியும் உனக்கு."

"பதினோரு கடிதம் எழுதினேன் அக்கா."

"கடிதம் பதினொண்ணு. அந்தத் தப்பு நம்பரை எத்தனை தடவை எழுதினே? ஒரு நாளைக்கு மூணு தடவை, உன் கையாலேயே எழுதினியே. நாங்க யாரை நம்பி உக்காந்திருந்தோம்னு நினைச்சே? சங்கையா? நம்ம வீட்டுப் பையன்தானே பாத்துக்கறான்னுதான்."

அவரிடம் நகல் எடுத்துவைக்காத கேள்வி அது. குனிந்து பத்தாவது மெஷினைத் தண்ணீருக்குள் துழாவினார்.

மறுநாள் விடிந்ததும் மழை விட்டிருந்தது. அவர் ஹார்டுவேர் கடைக்காரரை எழுப்பி, வெள்ளைப் பெயின்ட் ஒரு டப்பா, கறுப்பு ஒரு டப்பா, இரண்டு தூரிகை வாங்கினார். பாலத்தின் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தூணின் மேடைக்கு இறங்கினார். பலகையின் கீழ்ப்பாதி இன்னும் தண்ணீருக்குள். அது வடிந்த பிறகு. வெளியே தெரிந்த பாதியில், ஐந்து என்ற எண்ணின் மேல் வெள்ளையை இழுத்தார். ஈரத் தகட்டில் பெயின்ட் ஒட்டாமல் வழிந்தது. சட்டையின் முனையால் தகட்டைத் துடைத்து, ஊதி, மறுபடி இழுத்தார். மேலே, பாலத்தின் ஓரத்தில் வைத்திருந்த போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

அவர் கறுப்பில் தூரிகையை நனைத்து, ஐந்து அறுபது என்று எழுதத் தொடங்கினார்.